சட்டம் போட்டு மாட்டறதுக்கு முந்தி

ஏங்கண்ணு, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட் படிக்கப் போறயாமா? உங்கம்மா போன்ல சொன்னா. சொல்லிப்போட்டு, "அப்பா, நீங்க ஒண்ணும் எகத்தாளமாப் பேசிப்போடாதீங்க, அவனே இப்பத்தான் ஒரு ரோசனைக்கு வந்திருக்கறான்"னு கெஞ்சல் வேற. நான் எதுக்கு எகத்தாளம் பேசறேன்? பேரன் படிக்கறான்னா அப்புச்சிக்குப் பெருமைதானே. உங்கூட்டுச் செவத்துல ஏற்கெனவே கராத்தே, டைப்ரைட்டிங் லோயர், ஆட்டோகேட், பி.இ. பட்டம்னு வரிசையாத் தொங்குது. இன்னொரு ஆணி அடிக்க எடம் இருக்குதான்னு மட்டும் பாத்துக்கோ.

சரி, கேலி போதும். போதாதுதான், மிச்சத்தை அங்கங்க சேத்திக்கறேன்.

நீ வாட்ஸ்அப்புல அனுப்பிச்ச காலேஜ் நோட்டீசைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஆர அமரப் படிச்சேன். நல்லாத்தான் அடிச்சிருக்கறாங்க. கோட்டு போட்ட பையன் ஒருத்தன், பொண்ணு ஒருத்தி. ரெண்டு பேரும் செவத்துல ஒட்டின மஞ்சக் காயிதத்தைப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு. சிமெண்டு லாரி வாராத அன்னைக்கு இந்தச் சிரிப்பு எங்க போகும்னு ஒருக்காப் பாக்கோணும். கொட்டை எழுத்துல 'பி.எம்.பி.'ன்னு போட்டு, அதுக்கடியில பொடி எழுத்துல 'தேர்வுக்கு வழிகாட்டப்படும்'னு போட்டிருக்குது. கண்ணு, நோட்டீசுல கொட்டை எழுத்து அவங்களுக்கு, பொடி எழுத்துத்தான் உனக்கு.

ஏன்னா, காலேஜ்காரங்க குடுக்கறது ஒண்ணு, பி.எம்.பி.ங்கறது இன்னொண்ணு. "இந்தப் பையன் எங்ககிட்ட இத்தனை மணி நேரம் உக்காந்து படிச்சான், பரீட்சை எழுதித் தேறினான்" - இதுதான் காலேஜ் குடுக்கற காயிதம். பி.எம்.பி. குடுக்கறது அமெரிக்காவுல 1969-ல ஆரம்பிச்ச பி.எம்.ஐ.ங்கற சங்கம். 1984-ல இருந்து அந்தப் பரீட்சை நடத்தறாங்க. அதுக்கு உக்காரோணும்னா உன்னையாட்ட டிகிரி படிச்சவன் கடைசிச் சில வருசத்துக்குள்ள 36 மாசம் ப்ராஜெக்ட்டை முன்ன நின்னு நடத்தியிருக்கோணும். டிகிரி இல்லாம பள்ளிக்கூடத்தோட நின்னவனுக்கு 60 மாசம். அது போக 35 மணி நேரம் வகுப்புல படிச்சதுக்கு அத்தாட்சி வேணும். உன்ற காலேஜ் சர்டிபிகேட் இந்த 35 மணி நேரத்துக்குத்தான் ஆகும். அந்த 36 மாசத்துக்கு எந்தக் காலேஜும் நோட்டீஸ் அடிக்க முடியாது.

யூடியூப்புல விடிய விடிய வீடியோ பாத்தேன், தடிப் புஸ்தகத்தை அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிச்சேன்னு சொன்னா அந்த 35-ல ஒரு நிமிசம்கூடச் சேத்திக்க மாட்டாங்க. தானாப் படிச்சது கணக்குல வராது. வாத்தியார் நடத்தியிருக்கோணும், கம்ப்யூட்டர் வழியாப் படிச்சா கடைசியில ஒரு பரீட்சையாவது இருக்கோணும். அதனால பணம் கட்டறதுக்கு முந்தி காலேஜ் ஆபீசுல ஒண்ணே ஒண்ணு கேளு: "சர்டிபிகேட்டுல என்ற பேரு, தேதி, எத்தனை மணி நேரம்னு அச்சடிச்சுக் குடுப்பீங்களா?" இதுக்கு நேரா பதில் சொல்லாம, "எங்க கேம்பஸ் அறுவது ஏக்கரா தம்பி"ன்னு ஆரம்பிச்சாங்கன்னா, காப்பி குடுத்தாங்கன்னா குடிச்சுப்போட்டு வந்துரு.

இப்ப அந்த 36 மாசத்துக்கு வருவோம். நீ சைட்டுக்குப் போக ஆரம்பிச்சு மூணு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு கணக்குப் போட்டு வெச்சிருப்பே. அவங்க கேக்கறது சைட்டுல இருந்தயான்னு இல்ல, நடத்தினயான்னு. மேஸ்திரி உன்னைய 'சார்'னு கூப்பிட்டது நடத்தினதுல சேராது. போன தை மாசம் உன்ற சைட்டுக்கு நான் வந்தப்ப, சென்ட்ரிங் ஆளுங்க உன்னையத்தான் டீ வாங்கியார அனுப்பிச்சாங்க. தூக்குப்போசியோட நீ போனதை என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்.

மூஞ்சியத் தூக்காதே, மிச்சத்தையும் கேளு. நீ டீயோட திரும்பி வாரயில கம்பி கட்டறவனும் கரண்டுக்காரனும் சட்டையப் புடிக்காத கொறையா நின்னுக்கிட்டிருந்தாங்க. "கட்டின கம்பிய நவுத்த மாட்டேன்"னு அவன். "பைப்பு பதிக்காம காங்கிரீட் போட்டீங்கன்னா அப்புறம் தளத்தைக் கொத்தறதுக்கு நான் வர மாட்டேன்"னு இவன். காங்கிரீட் மிக்சர் வண்டி வேற கேட்டுல வந்து நின்னுபோச்சு. நீ டீயை ரெண்டு பேருத்துக்கும் ஊத்திக் குடுத்தே. வரைபடத்தைத் தரையில விரிச்சே. மூணே எடத்துலதான் பைப்பு மாட்டுதுன்னு விரல வெச்சுக் காட்டினே. அந்த மூணு எடத்துல மட்டும் கம்பிய அவுத்துக் கட்டச் சொல்லிப்போட்டு, வண்டிக்காரனை அடுத்த பக்கத்துத் தூணுக்குத் திருப்பி உட்டே. கண்ணு, அது சேரும். டீ வாங்கியாந்தது சேராது, டீயை வெச்சுச் சண்டைய நிறுத்தினது சேரும். அதை எழுதி வெச்சயா? வெச்சிருக்க மாட்டே.

ஒரு நோட்டுப் போடு. எந்த வேலை, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், உன்ற பொறுப்பு என்ன, எவ்வளவு ரூபா வேலை, யாரு உனக்கு மேல இருந்தாங்க, அவங்க போன் நம்பர் என்ன - இவ்வளவும். ஒரே மாசத்துல ரெண்டு சைட்டு பாத்தேன்னு ரெண்டு மாசமா எழுதக்கூடாது, ஒரு மாசத்தை ஒருக்காத்தான் எண்ணுவாங்க. விண்ணப்பம் போட்டவங்கள்ல சில பேரைப் பொறுக்கி எடுத்து, "இதுக்கெல்லாம் அத்தாட்சி காட்டு"ன்னு தணிக்கை வேற வெக்கறாங்க. யாரைப் பொறுக்குவாங்கன்னு முன்கூட்டித் தெரியாது. உங்க பெரியப்பன் மயன் உனக்கு அனுபவச் சான்றிதழ் "ரெடி பண்ணித் தாரேன்"னு சொன்னானாமா? அவன் பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டையே ரெடி பண்ணினவன். அவன்கிட்ட நல்ல நாயம் பேசு, வெத்தலை பாக்கு வாங்கிக்கோ, காயிதம் மட்டும் வாங்காதே.

36 மாசம் இன்னும் தேறலைன்னாலும் வெசனப்படாதே. அனுபவமே இல்லாத பசங்களுக்குன்னு அதே சங்கம் சி.ஏ.பி.எம்.னு இன்னொண்ணு வெச்சிருக்குது. 23 மணி நேரம் வகுப்புல படிச்சிருந்தாப் போதும், மூணு மணி நேரத்துல 150 கேள்வி. மாப்பிள்ளை ஆகறதுக்கு முந்தி மாப்பிள்ளைத் தோழனா நின்னு பழகிக்கறதுல தப்பில்ல.

பாடத்திட்டத்தையும் பாத்தேன். பாக்கப் பாக்க எனக்கு நம்மூரு மாரியாத்தா கோயில் கும்பாபிசேகம்தான் கண்ணு முன்னால வந்துச்சு. நீ அப்ப ஆறாங்கிளாஸ், அன்னதானப் பந்தலை உட்டு வெளிய வாராதவன், உனக்கு ஞாபகம் இருக்காது. மொதல்ல சாமியோட சக்திய எறக்கிப் பாலாலயத்துல வெச்சாச்சு, திருப்பணி தொடங்கியாச்சு. குருக்கள் ஆவணியில ஒரு முகூர்த்தம் குறிச்சுக் குடுத்தாரு. அதுதான் கெடு, தள்ளி வெக்கற சோலியே கெடையாது. வாத்தியார் உனக்குக் கரும்பலகையில கோடு கோடாப் போட்டுக் காட்டுவாரே காண்ட் சார்ட்டு, நூறு வருசத்துக்கு முந்தி ஹென்றி காண்ட்டுங்கற அமெரிக்க இஞ்சினீரு பேருல இருக்கறது, அப்படி ஒண்ணை அன்னைக்கு யாராச்சும் போட்டிருந்தா ஸ்தபதிக்கு முந்தியே வர்ணக்காரனைக் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்க மாட்டாங்க. கோபுரத்துல சுதை வேலை முடியோணும், அது காயோணும், அப்புறம் வெள்ளை, அப்புறம்தான் பஞ்சவர்ணம். வர்ணம் முடிஞ்சு சாரத்தைப் பிரிச்சாத்தான் யாகசாலைக்கு எடம். இதுல எது ஒரு நாள் தள்ளினாலும் முகூர்த்தமே தள்ளும். அதே சமயத்துல மடப்பள்ளிக்கு ஓடு மாத்தறது பத்து நாள் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது. எது தள்ளினா குடி முழுகும், எது தள்ளினா முழுகாதுன்னு பிரிச்சுக் கண்டுபுடிக்கற கணக்கைத்தான் 1957 வாக்குல டூபான்ட் ரசாயனக் கம்பெனிக்காரங்க போட்டாங்களாமா. அடுத்த வருசமே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலைக்கு அதே சாடையில 'பெர்ட்'டுனு இன்னொரு கணக்குப் போட்டுச்சாமா. இதைப் படிச்சப்ப எனக்கே அந்த வகுப்புல போயி உக்காந்தரலாமான்னு இருந்துச்சு. கமிட்டிக்காரங்க அவசரத்துல ஈரச் சுதைமேலயே வர்ணத்தைப் பூசி, ஐப்பசி மழைக்கு முனியப்பன் மீசை பாதி உரிஞ்சு போன கதைய உங்கம்மாகிட்டக் கேளு. இன்னும் அப்படித்தான் நிக்கறாரு, பாவம்.

அதோட உட்டாங்களா? பாதித் திருப்பணியில ஒரு பெரிய மனுசன், "நவக்கெரகம் இல்லாத கோயில் ஒரு கோயிலா?"ன்னு கெளப்பினாரு. தப்பு சொல்ல முடியுமா? சாமி காரியம். ஆனா அதுக்குக் கல்லுக்கு யாரு காசு, எத்தனை நாளு, தலைக்கட்டு வரிய மறுபடி ஏத்தறதான்னு ஒருத்தரும் கேக்கலை. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நடுவுல வந்து சேந்துக்கற வேலைய எப்படி மறிக்கறது, மறிக்க முடியலைன்னா காசையும் நாளையும் எழுதி வாங்கிக்கிட்டு எப்படிச் சேத்தறதுன்னு உன்ற பாடத்துல ஒரு பகுதி இருக்குது பாரு, அதை மட்டும் தூங்காமப் படி. உன்ற பொழப்புல பாதி அதுலதான் போகப்போகுது. ஊடு கட்டறவன் எவனும் மொதல்ல சொன்ன ஊட்டைக் கட்டி முடிச்சதா வரலாறு கெடையாது.

அப்புறம் பத்திரிகை. வேலையெல்லாம் முடிஞ்சுது, கோபுரம் பளபளன்னு நிக்குது. அழைப்பிதழ்ல ஒரு பங்காளி பேரு உட்டுப்போச்சு. அவ்வளவுதான். அந்த ஊட்டுக்காரங்க தீர்த்தக்கொடம் எடுக்க மாட்டோம்னு உக்காந்துக்கிட்டாங்க. யாகசாலையில பூஜை நடக்குது, ஊர்ப் பெரியவங்க பாதிப் பேரு அவங்கூட்டுத் திண்ணையில உக்காந்து சமாதானம் பேசறாங்க. இப்பச் சொல்றேன் கேளு: 2021 ஜனவரியில மாத்தின பி.எம்.பி. பரீட்சையில 180 கேள்வி, 230 நிமிசம்னு வெச்சிருந்தாங்க. அதுல நூத்துக்கு 42 பங்கு ஆளுங்களைப் பத்தித்தான் இருந்துச்சு. வேலை நடத்தற முறைக்கு 50, மிச்சம் எட்டு வெளி நிலவரத்துக்கு. அந்த 42-க்கு நீ காலேஜுக்கே போக வேண்டியதில்ல, நம்மூட்டுக் காதுகுத்துக்கு ஒருக்கா முன்ன நின்னாப் போதும்னு சொல்லலாம்னு பாத்தேன். ஆனா அதுவும் முழுசா நெசமில்ல. நம்மாளுங்க சமாதானம் பேசறதுல கெட்டி. பேரு உட்டுப்போகாமப் பாத்துக்கறதுக்கு முன்னாடியே ஒரு பட்டியல் எழுதி வெக்கறதுல சோம்பேறி. அந்தப் பட்டியல் போடற பழக்கம் வகுப்புல வரும்.

நம்ம அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கோ. எங்கப்பா காலத்துல இருந்து கேட்டுக்கிட்டிருந்த தண்ணி. 2019-ல அடிக்கல் நாட்டினாங்க, 2024 ஆகஸ்ட் 17-ந்தேதி தொடங்கி வெச்சாங்க. 1,916 கோடி ரூபா, 1,045 குளம் குட்டை. பம்பு பெருசா பைப்பு பெருசான்னு கேட்டா ரெண்டும் பெருசுதான். ஆனா நாளை இழுத்தது எதுங்கறே? பைப்பு போற நெலத்துக்காரங்ககிட்ட நட்டஈடு பேசி முடிக்கறதும் அதுல ஒண்ணு. நெலத்துக்காரங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், என்ற காட்டு வழியாப் போயிருந்தா நானும் நாலு கேள்வி கேட்டுத்தான் உட்டிருப்பேன். கம்ப்யூட்டர்ல கோடு போடறவனுக்கு அது ஒரு கோடு. காட்டுக்காரனுக்கு அது தாத்தன் வெச்ச தென்னை.

அப்ப சர்டிபிகேட்டே வேண்டாம், அனுபவம் போதும்னு அப்புச்சி சொல்றாருன்னு ஓடிப்போயி உங்கம்மாகிட்டச் சொல்லாதே. அப்படிச் சொல்றவங்க எல்லாருக்கும் கையில ஒரு உதாரணம் இருக்கும், பாம்பன் பாலம். 1964 டிசம்பர்ல புயலடிச்சு ராமேஸ்வரத்துப் பாலத்தோட கர்டர்களைக் கடல் வாரிக்கிட்டுப் போச்சு. சரி பண்ண ரயில்வே குடுத்த கெடு ஆறு மாசம், மேலதிகாரி அதை மூணு மாசமாக் கொறைச்சாரு. பொறுப்பெடுத்த ஸ்ரீதரன்ங்கற ரயில்வே இஞ்சினீரு 46 நாள்ல முடிச்சாரு. கடலுக்குள்ள கெடந்த கர்டர்களையே தூக்கியெடுத்து மறுபடி மாட்டினாங்க. பி.எம்.பி.யும் இல்ல, பி.எம்.ஐ.யும் இல்ல, அந்தச் சங்கம் பொறக்கவே இன்னும் அஞ்சு வருசம் இருந்துச்சு. சரிதான். ஆனா அவரு ஸ்ரீதரன். நீ என்ற பேரன். காதுகுத்துக்கு மொய் நோட்டு எழுதச் சொன்னா பேனாவைத் தொலைச்சவன். உனக்குக் காயிதமும் வேணும், வகுப்பும் வேணும், மண்டையில குட்டறதுக்கு ஒரு வாத்தியாரும் வேணும்.

அதோட, இன்னைக்குப் பெரிய கம்பெனிங்க ஆளெடுக்கையில உன்னைய நேருல பாக்கறதுக்கு முந்தி உன்ற காயிதத்தைத்தான் பாக்கறாங்க. நீ சண்டைய நிறுத்தின கதை அந்தக் காயிதத்துல ஏறாது. மூணு எழுத்து ஏறும். அநியாயம்தான். அநியாயத்துக்கு அழுதுபோட்டு அப்புறம் பணத்தைக் கட்டு.

ஆனா காலேஜ்காரங்க கேக்கற அரை லச்சத்தை இப்பவே கொண்டுபோயிக் கொட்டாதே. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேந்து 2003-ல ஆரம்பிச்ச என்.பி.டி.இ.எல்.லுல இதே பாடம் இருக்குது. நீ காலேஜுல படிக்கறப்ப மார்க்குக்காக ஒண்ணு பதிஞ்சுபோட்டுப் பாதியில உட்டயே, அதேதான். பாடம் சும்மா, பரீட்சைக்குத்தான் ஆயிரம் ரூபா வாக்குல. வாரா வாரம் அசைன்மென்ட்டுக்கு 25 மார்க்கு, நேருல போயி எழுதற பரீட்சைக்கு 75. எட்டு வாரப் பாடத்துல இருவது மணி நேரம் தேறினாப் பெருசு, அதனால அந்த 35-க்கு அது மட்டும் பத்தாது. ஆனா உன்னையச் சோதிக்க அது போதும். எட்டு வாரமும் ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டை உட்டுப்போட்டு அசைன்மென்ட்டு அனுப்பினயின்னா, காலேஜ் பணத்துல பாதி நான் தாரேன். மெய்யாலுமே தாரேன், உங்க அமுச்சிக்குத் தெரியாம வெச்சிருக்கற எள்ளு வித்த காசு. மூணாவது வாரமே நின்னுபோச்சுன்னா, கோட்டு போட்டவங்க சிரிக்கறதை நீ நோட்டீசுல மட்டும் பாத்துக்கோ.

காலேஜுக்குப் போனாலும் சனிக்கிழமை வகுப்புல மொத பெஞ்சுல உக்காராதே, நடுவுல உக்காரு. பக்கத்துல யாரு உக்காந்திருக்கறாங்கன்னு பாரு. ஸ்பின்னிங் மில்லுல மிசின் மாத்தறவரு இருப்பாரு, ஆசுபத்திரியில புது வார்டு கட்டற நர்சம்மா இருப்பாங்க, சாப்ட்வேர் பையன் ஒருத்தன் தூங்கிக்கிட்டிருப்பான். உன்ற சைட்டுல சிமெண்டுன்னா அந்தம்மாவுக்கு ஆக்சிஜன் லைன். அவங்ககூட டீக்குடி. அரை லச்சத்துல வாத்தியாருக்குப் பாதி, அந்த டீக்குப் பாதின்னு நெனைச்சுக்கோ. வீடியோவுல கெடைக்காதது அதுதான்.

வாங்கி மாட்டிப்போட்டா முடிஞ்சுதுன்னும் நெனைச்சராதே. கும்பாபிசேகம் முடிஞ்சும் 48 நாள் மண்டல பூஜை இருக்கறாப்புல, பி.எம்.பி. வாங்கின பொறவும் மூணு வருசத்துக்கு ஒருக்கா 60 மணி நேரம் அளவுக்கு மேல்கொண்டு படிச்சதாக் கணக்குக் காட்டோணும். இல்லீன்னா பட்டம் செத்துப்போகும். சட்டத்துக்குள்ள இருக்கறதுனால தூசி மட்டும்தான் படியாது.

கட்டணம், கேள்வி எண்ணிக்கை எல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, விண்ணப்பம் போடற அன்னைக்கு அவங்க தளத்துலயே ஒருக்காப் பாத்துக்கோ. அப்புறம் ஒண்ணு, இதைத்தான் மொதல்லயே சொல்லியிருக்கோணும். பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரையும் சேத்து நீட்டி எழுதியிருக்குது, காலேஜ் பட்டத்துல ஒத்தை இனிஷியல்தான் இருக்குது. பரீட்சை வாசல்ல விண்ணப்பத்துல இருக்கற பேரும் அடையாள அட்டையில இருக்கற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகலைன்னா உள்ள உட மாட்டாங்க, கட்டின பணமும் வாராது. திங்கக்கெழமை தாலூக்கா ஆபீசுக்கு ரேசன் கார்டு சோலியாப் போறேன். ஆதார்லயும் பேரைத் திருத்தறதுன்னா நீயும் வா, போற வழிதான்.